லினக்ஸ் கெர்னல் கம்பைல்: ‘ப்ராசஸர் ஃபேமிலி’யில் எதைத் தேர்ந்தெடுப்பது? முழுமையான வழிகாட்டி

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை முதன்முறையாகக் கம்பைல் செய்கிறவர்கள் (அதாவது சோர்ஸ் கோடிலிருந்து தாங்களே உருவாக்குகிறவர்கள்) அதிகம் தடுமாறும் இடம் ‘ப்ராசஸர் டைப் அண்ட் ஃபீச்சர்ஸ்’ மெனு. அதற்குள் ‘ப்ராசஸர் ஃபேமிலி’ என்ற வரியைத் திறந்தால் தங்கள் சிபியுவின் பெயரே பட்டியலில் இருக்காது. ரைசன் வைத்திருப்பவர் ஏஎம்டி பெயர் தெரிகிற ஏதோ ஒன்றை அமுக்கிவிடுவார். ஐ5 வைத்திருப்பவர் இன்டெல் பெயர் தெரிகிற ஏதோ ஒன்றை அமுக்கிவிடுவார். கம்பைல் எந்த எரரும் இல்லாமல் முடியும். பல நேரம் பூட்டும் ஆகிவிடும், அதனால் தவறு வெளியே தெரியாது. அதே கெர்னலை வேறொரு மெஷினுக்குக் கொண்டுபோகும் நாளில்தான் சிக்கல் வரும்.

பட்டியலில் நம் சிபியுவின் பெயரைத் தேடுவதிலிருந்துதான் குழப்பம் எல்லாம் தொடங்குகிறது. இந்தக் கெர்னல் எந்தெந்த மெஷின்களில் பூட் ஆக வேண்டும், அவற்றில் மிகப் பழைய சிபியு எது என்று முதலில் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மெனுவில் செலவாகும் நேரம் மிகக் குறைவு. கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியில் எடுக்கும் முடிவு அடுத்த படியில் தெரியும் பட்டியலையே மாற்றிவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜிசிசி, மேக், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி ஆகியவற்றோடு ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப், என்கர்சஸ் ஆகிய மூன்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்களும் வேண்டும். என்கர்சஸ் இல்லாவிட்டால் கெர்னல் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுவான மெனுகான்ஃபிக் திறக்காது.

டிஸ்க்கில் 20 ஜிபி அளவுக்காவது இடம் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரோவின் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பின்) கான்ஃபிக்கை, அதாவது ஆப்ஷன் பட்டியலை, அப்படியே எடுத்தால் டீபக் தகவல்களும் சேர்ந்து கம்பைல் ஆகும். இடத்தை விழுங்குவது அதுதான்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அழிக்காதீர்கள். புதியது பூட் ஆகாவிட்டால், மெஷின் தொடங்கும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் க்ரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வருவதுதான் எளிய வழி. க்ரப் மெனு கண்ணுக்குத் தெரியும்படி டைம்அவுட்டைச் சில விநாடிகளுக்கு முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இதை மாற்ற முடியாது.

2. கெர்னல் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

மூன்று நிலைமைகள் உண்டு. கம்பைல் செய்யும் மெஷினிலேயே ஓடப்போகிறது என்பது முதலாவது. உங்களிடம் உள்ள பல மெஷின்களில் ஓட வேண்டும் என்பது இரண்டாவது. யாருடைய மெஷினில் ஓடும் என்றே தெரியாத பென் டிரைவ் இமேஜ் அல்லது விர்ச்சுவல் மெஷின் டெம்ப்ளேட் என்பது மூன்றாவது.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பொதுவான தேர்வைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். கம்பைலருக்கு ஒரு சிபியுவின் பெயரைக் கொடுத்தால், அந்த சிபியுவில் உள்ள இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தயங்காமல் பயன்படுத்த அதற்கு அனுமதி கிடைக்கிறது. அந்த இன்ஸ்ட்ரக்ஷன் இல்லாத சிபியுவில் அதே கோடு ஓடினால் ‘இன்வேலிட் ஆப்கோடு’ என்று நின்றுவிடும். சில சமயம் அந்தச் செய்தியைக் காட்டக்கூட வாய்ப்பில்லாமல் மெஷின் ரீசெட் ஆகும்.

முதலாவது நிலைமையிலும் ஒன்றை யோசியுங்கள். மதர்போர்டு போய், அதே டிஸ்க்கைக் கழற்றி வேறொரு பழைய மெஷினில் மாட்டுகிற நாள் வந்தால்? அந்தச் சாத்தியம் இருந்தால் டிஸ்ட்ரோ கெர்னல் ஒன்று டிஸ்க்கில் எப்போதும் இருக்கட்டும்.

3. சிபியுவை அடையாளம் காணுங்கள்

லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். எல்எஸ்சிபியு கட்டளையைக் கொடுங்கள். அல்லது ப்ராக் கோப்புறையில் உள்ள சிபியுஇன்ஃபோ ஃபைலைத் திறந்து பாருங்கள். ஓட வேண்டிய ஒவ்வொரு மெஷினிலும் இதைச் செய்யுங்கள். கம்பைல் செய்யும் மெஷினில் மட்டும் பார்த்தால் போதாது.

பார்க்க வேண்டிய வரிகள் நான்கு: ‘வெண்டர் ஐடி’, ‘சிபியு ஃபேமிலி’, ‘மாடல் நேம்’, ‘ஃபிளாக்ஸ்’. புதியவர்கள் ‘சிபியு ஃபேமிலி’ எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். அங்கே 15 என்று இருந்தால் அது பென்டியம் 4 ஆகவும் இருக்கலாம், அத்லான் 64 ஆகவும் இருக்கலாம். வெண்டர் ஐடி ‘ஜெனுவின்இன்டெல்’ என்றால் முன்னது, ‘ஆதென்டிக்ஏஎம்டி’ என்றால் பின்னது. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம் வரும்.

இன்டெலில் இன்னொரு பொறி இருக்கிறது. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவுக்கும் ஃபேமிலி எண் 6, கோர் 2-க்கும் 6, பிறகு வந்த கோர் ஐ3, ஐ5, ஐ7 வரிசைகளுக்கும் 6. ‘6 என்று காட்டுகிறது, அதனால் பென்டியம் ப்ரோவைப் போட்டேன்’ என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏஎம்டியில் ஜென், ஜென் 2 வரிசைகள் 23 என்றும், ஜென் 3, ஜென் 4 வரிசைகள் 25 என்றும் காட்டும்.

சிபியுவின் திறன்களைப் பட்டியலிடும் ஃபிளாக்ஸ் வரியில் எல்எம், பிஏஇ, சிமூவ் ஆகிய மூன்றைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எல்எம்’ இருந்தால் அது 64 பிட் சிபியு. பிஏஇ என்பது 32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் மெமரியைத் தொடும் வசதி, சிமூவ் என்பது ஒரு இன்ஸ்ட்ரக்ஷன். இந்த இரண்டும் 32 பிட் மெஷின்களுக்குத்தான் தேவைப்படும்.

விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்து பார்த்தால், அதை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் காட்ட விரும்பும் சிபியுதான் தெரியும். க்யூஎமு என்ற ஹைப்பர்வைசர் பல அமைப்புகளில் உண்மையான சிபியுவின் திறன்கள் பலவற்றை மறைத்துத்தான் கொடுக்கும். அங்கே கம்பைல் செய்வதாக இருந்தால் வெளியில் உள்ள ஹோஸ்டில் பார்த்த தகவல் உதவாது.

4. 32 பிட்டா, 64 பிட்டா?

இதை ப்ராசஸர் ஃபேமிலிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மெனுவின் உச்சியில் உள்ள ‘64-பிட் கெர்னல்’ என்ற வரியை மாற்றினால் கீழே வரும் ஃபேமிலி பட்டியலே வேறாகிவிடும். முதலில் ஃபேமிலியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு இதை மாற்றினால் உங்கள் தேர்வு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எல்எம் ஃபிளாக் இருந்தால் 64 பிட்டையே எடுங்கள். ‘யூநேம்’ கட்டளை ‘ஐ686’ என்று சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது இப்போது ஓடும் கெர்னலைப் பற்றிய தகவல். 64 பிட் சிபியுவில் 32 பிட் கெர்னல் ஓடினாலும் அது ஐ686 என்றே சொல்லும்.

பெயர்க் குழப்பமும் இங்கே உண்டு. டெபியன் பேக்கேஜ்களில் வரும் ‘ஏஎம்டி64’ இன்டெலின் 64 பிட் சிபியுக்களுக்கும் சேர்த்துத்தான். இந்தக் கட்டமைப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. மாறாக ‘ஐஏ-64’ என்று எங்காவது பார்த்தால் விலகிவிடுங்கள். அது இட்டானியம் என்ற வேறொரு சிபியு இனம், 2024 தொடக்கத்தில் வந்த 6.7 கெர்னலிலிருந்து அதற்கான கோடே நீக்கப்பட்டுவிட்டது.

2013, 2014 வாக்கில் வந்த மலிவு விலை ஆட்டம் டேப்லெட்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது: சிபியு 64 பிட், மெஷினைத் தொடங்கிவைக்கும் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் மட்டும் 32 பிட். வழக்கமான 64 பிட் பென் டிரைவ் பூட் ஆகாததைப் பார்த்து ‘இது 32 பிட் மெஷின்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கெர்னலில் ‘இஎஃப்ஐ மிக்ஸ்டு மோடு’ ஆப்ஷனை ஆன் செய்து, 32 பிட் யுஇஎஃப்ஐக்கான க்ரப்பைப் போட்டால் 64 பிட் கெர்னல் அதில் ஓடும்.

5. வெறும் கையோடு மெனுவுக்குள் போகாதீர்கள்

பூட் கோப்புறையில் உள்ள, இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் ஃபைலைச் சோர்ஸ் கோப்புறைக்குள் ‘.கான்ஃபிக்’ என்ற பெயரில் காப்பி செய்யுங்கள். பிறகு ‘மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்’ கொடுங்கள். புதிய பதிப்பில் சேர்ந்த ஆப்ஷன்களுக்கு இயல்பான மதிப்புகளை அது நிரப்பிவிடும். இதனால் மெஷின் ஏற்கெனவே பூட் ஆகும் ஒரு நிலையிலிருந்து கிளம்புகிறீர்கள். பிறகு ஏதாவது கெட்டால் முதலில் நீங்கள் மாற்றிய வரியைச் சந்தேகிக்கலாம்.

உபுண்டு, டெபியன் கான்ஃபிக்கில் நம்பகமான சான்றிதழ்களுக்கான ஃபைல் பாதை எழுதப்பட்டிருக்கும். அந்த ஃபைல் உங்கள் சோர்ஸில் இருக்காது, கம்பைல் பாதியில் நின்றுவிடும். ‘சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ்’, ‘சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்’ இரண்டையும் காலியாக விட்டுவிடுங்கள். சிபியு தேர்வில் தப்பு நேர்ந்துவிட்டதோ என்று பலர் இந்த எரரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

‘ஜெனரல் செட்டப்’ மெனுவில் ‘லோக்கல் வெர்ஷன்’ வரியில் ஒரு பின்னொட்டைப் போடுங்கள். அதைப் போடாமல் அதே பதிப்பை இரண்டாம் முறை கம்பைல் செய்தால், நன்றாக ஓடிய முந்தைய கெர்னலின் மாட்யூல்களும் (தேவைப்படும்போது ஏறும் டிரைவர் போன்ற துண்டுகள்) அழிந்து அவற்றின் இடத்தில் புதியவை உட்காரும்.

6. 64 பிட்: என்ன தேர்ந்தெடுப்பது?

6.14 வரையிலான கெர்னல்களில் பட்டியலில் ஐந்து பெயர்கள்: ஆப்டெரான்/அத்லான்64/கே8, பழைய நெட்பர்ஸ்ட் ஜியானும் பென்டியம் 4-உம், கோர் 2, ஆட்டம், ஜெனரிக்-எக்ஸ்86-64. டெபியன் 12-இன் 6.1, டெபியன் 13-இன் 6.12, உபுண்டு 24.04-இன் 6.8 எல்லாம் இந்த வகைதான்.

உங்கள் சிபியு கடந்த 15 ஆண்டுகளுக்குள் வந்தது என்றால் ஜெனரிக்கை எடுங்கள். இதை அரைமனதாகச் சொல்லவில்லை. மற்ற நான்கும் அந்தந்தக் கால சிபியுக்களுக்காக எழுதப்பட்டவை. கே8 என்பது 2003-இல் வந்த ஆப்டெரான். ரைசனுக்கும் அதற்கும் கம்பெனி பெயரைத் தவிரப் பெரிய ஒற்றுமை இல்லை. கோர் 2 2006-ஐச் சேர்ந்தது. ஜெனரிக் என்றால் ‘மெதுவானது’ என்று பொருளில்லை. எல்லா 64 பிட் சிபியுக்களிலும் உள்ள இன்ஸ்ட்ரக்ஷன்களை மட்டும் பயன்படுத்தி, இன்றைய சிபியுக்களுக்குப் பொதுவாக ஒத்துவரும்படி கம்பைலர் கோடை அடுக்குகிறது.

ஒவ்வொரு தவறான தேர்வும் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வது நல்லது. நெட்பர்ஸ்டை எடுத்தால் கேஷ் லைன் (கேஷ் மெமரி ஒரே தடவையில் கையாளும் துண்டு) 128 பைட் என்று கெர்னல் எடுத்துக்கொள்கிறது. இன்றைய எக்ஸ்86 சிபியுக்களில் அது 64 பைட். பூட் ஆகும், ஓடும், ஆனால் கெர்னலின் உள் அமைப்புகள் தேவையில்லாத இடைவெளியோடு மெமரியில் அடுக்கப்படும். ஆட்டம் இதைவிடக் கறாரானது. 2008-இல் வந்த முதல் ஆட்டம்கள் இன்ஸ்ட்ரக்ஷன்களை வரிசை மாறாமல் செயல்படுத்தும் வகை. அந்த ஆப்ஷன் அவற்றுக்காகவே எழுதப்பட்டது. அவற்றில் ‘மூவ்பிஇ’ என்ற இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு, கோர் 2-வில் கிடையாது. ஆட்டமுக்காகக் கம்பைல் செய்த கெர்னலைக் கோர் 2 மெஷினில் போட்டால் நின்றுவிட வாய்ப்பு அதிகம். இன்றைய செலரான், என்100 லேப்டாப்களை ‘ஆட்டம் குடும்பம்தானே’ என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2013-இன் சில்வர்மான்ட்டிலிருந்தே அந்த வரிசையின் உள்ளமைப்பு மாறிவிட்டது.

6.15 முதல் 64 பிட்டுக்கு இந்தப் பட்டியலே இல்லை. கே8, நெட்பர்ஸ்ட், கோர் 2, ஆட்டம் நான்கையும் 2025-இல் நீக்கிவிட்டார்கள். எனவே பழைய வழிகாட்டியைப் பார்த்துக்கொண்டு ‘ப்ராசஸர் ஃபேமிலி’யைத் தேடினால் கிடைக்காது. உங்கள் சோர்ஸில் குறை எதுவும் இல்லை.

6.16-இல் ஒரு புதிய ஆப்ஷன் வந்தது: இந்த மெஷினின் சிபியுவுக்கே ஏற்றபடி கம்பைல் செய். இதை ஆன் செய்தால் கம்பைலருக்கு ‘மார்ச்=நேட்டிவ்’ போகும். இரண்டாம் படியில் உங்கள் பதில் முதலாவது நிலைமை என்றால் மட்டும் இதைத் தொடலாம். டிஸ்ட்சிசி வைத்துப் பல மெஷின்களில் பிரித்துக் கம்பைல் செய்பவர்கள் தொடவே கூடாது. ‘நேட்டிவ்’ என்பது கம்பைலர் ஓடும் மெஷினின் சிபியுவையே குறிக்கும்.

இதனால் பெரிய வேகம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கெர்னலின் சாதாரண கோடில், பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பயன்படுத்தக் கூடாது என்று கம்பைலருக்குத் தடை இருக்கிறது. ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் அந்தப் பெரிய ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்கும் செலவைத் தவிர்க்கவே இந்தத் தடை. புதிய சிபியுவின் பெரிய ஆதாயம் அங்கேதான் இருக்கிறது, கெர்னலுக்கு அது இந்த வழியில் கிடைக்காது. இரண்டு, வேகம் முக்கியமான இடங்களில் கெர்னல் பூட் ஆகும்போதே சிபியுவைப் பார்த்துத் தன் கோடைத் திருத்திக்கொள்கிறது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு6 மாட்யூல் ஏறும்போது, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜில் பாருங்கள்: கிடைக்கும் முறைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்து, வேகமானதைத் தேர்ந்தெடுத்து, ‘ஏவிஎக்ஸ்2எக்ஸ்4’ போன்ற பெயரோடு அறிவிக்கும். ஜெனரிக் கெர்னலிலும் இது நடக்கும்.

7. 32 பிட்: இங்கே கவனம் கூடுதலாக வேண்டும்

டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் கிடையாது. பழைய மெஷினைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இனித் தாங்களே கம்பைல் செய்ய வேண்டியிருக்கும். பட்டியல் இங்கே நீளமானது, தவறினால் பூட் ஆகாமல் போகும் வாய்ப்பும் அதிகம்.

சிமூவ் ஃபிளாக்கிலிருந்து தொடங்குங்கள். அது இல்லாவிட்டால் ‘686’ (மெனுவில் ‘பென்டியம் ப்ரோ’), அதற்கு மேற்பட்ட எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏஎம்டி கே6, பழைய வியா சி3 இந்த வகை. கே6-க்குத் தனி வரியே இருக்கிறது. ஜியோட் எல்எக்ஸ் மெஷின்களுக்கும் (குழந்தைகளுக்கான எக்ஸ்ஓ-1 லேப்டாப்பில் இருந்தது இதுதான்) ‘ஜியோட் ஜிஎக்ஸ்/எல்எக்ஸ்’ என்ற தனி வரி உண்டு. ஜியோட்டில் சிமூவ் இருக்கிறதே என்று 686-ஐப் போடாதீர்கள். 686 எதிர்பார்க்கும் வேறு சில இன்ஸ்ட்ரக்ஷன்கள் அதில் இல்லை.

பென்டியம் 2, பென்டியம் 3, பென்டியம் எம் என்று கலவையாக மெஷின்கள் இருந்தால் ‘பென்டியம் ப்ரோ’ போதும். கூடவே ‘ஜெனரிக் எக்ஸ்86 சப்போர்ட்’ ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். அது தேர்ந்தெடுத்த சிபியுவோடு நிற்காமல் மற்றவற்றுக்கும் ஒத்துவரும்படி கோடைச் சமன்செய்யும். அதற்காக அடித்தளத்தைக் கீழே இறக்கும் என்று நினைக்கக் கூடாது. பென்டியம் 4-ஐத் தேர்ந்தெடுத்து இதையும் ஆன் செய்தால் பென்டியம் 2-இல் ஓடும் என்ற நம்பிக்கை தவறு. 386-ஐத் தேடாதீர்கள், 2013-இல் வந்த 3.8 கெர்னலோடு அது போய்விட்டது.

ஆரம்பகாலப் பென்டியம் எம் லேப்டாப்களில் பிஏஇ வசதி உள்ளே இருந்தாலும் ஃபிளாக்ஸ் வரியில் காட்டாது. பிஏஇ ஆன் செய்த கெர்னல் அதைப் பார்த்து, சிபியுவில் இந்த அம்சம் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பூட் வரியில் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ சேர்த்தால் மேலே போகும். அந்த மெஷின்களில் மெமரி 2 ஜிபிக்கு மேல் பெரும்பாலும் போகாது என்பதால் பிஏஇயையே ஆஃப் செய்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

8. அதே மெனுவில் கைபட்டுவிடும் வேறு இரண்டு

‘சப்போர்ட்டட் ப்ராசஸர் வெண்டர்ஸ்’ என்ற துணைமெனு. என்னிடம் இன்டெல்தானே, ஏஎம்டி எதற்கு என்று எடுத்துவிடுகிறார்கள். மிச்சமாவது சில கிலோபைட்கள். அந்தக் கோடில்தான் ஒவ்வொரு நிறுவன சிபியுவின் பிழைகளுக்கான மாற்றுவழிகள் இருக்கின்றன. டிஸ்க் ஏஎம்டி மெஷினுக்குப் போனால் பூட்டே ஆகாமல் போகலாம். எல்லாவற்றையும் விட்டுவையுங்கள்.

‘மேக்ஸிமம் நம்பர் ஆஃப் சிபியுஸ்’. இங்கே கோர்களை எண்ணாதீர்கள், த்ரெட்களை எண்ணுங்கள். 8 கோர் 16 த்ரெட் சிபியுவுக்கு 8 என்று போட்டால் பாதி காணாமல் போகும். 64 பிட்டில் இயல்பாக வரும் 64 பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

9. கம்பைலுக்கு முன் சரிபாருங்கள்

மெனுவில் சேமித்து வெளியே வந்ததும் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையில் உள்ள ‘டிஃப்கான்ஃபிக்’கை ஓட்டுங்கள். பழைய கான்ஃபிக்குக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது காட்டும். ஃபேமிலி ஒன்றை மாற்றினால் கேஷ் லைன் அளவு, சிமூவ் உள்பட வேறு சில வரிகளும் கூடவே மாறியிருப்பதை அங்கே பார்க்கலாம்.

கான்ஃபிக் ஃபைலில் ‘எக்ஸ்86 மினிமம் சிபியு ஃபேமிலி’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். மெனுவில் இது தெரியாது, நீங்கள் தேர்ந்தெடுத்ததை வைத்துக் கெர்னலே போடுகிறது. 64 என்றால் 64 பிட் சிபியு வேண்டும், 6 என்றால் 686, 5 என்றால் 586. மூன்றாம் படியில் குறித்த மிகப் பழைய சிபியுவோடு இது ஒத்துப்போகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கம்பைலருக்கு உண்மையில் என்ன போகிறது என்று பார்க்க, மேக் கட்டளையோடு ‘வி=1’ சேர்த்துச் சில விநாடிகள் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஜிசிசி வரிகளில் ‘மார்ச்’, ‘எம்ட்யூன்’ மதிப்புகள் தெரியும். மார்ச் எந்த இன்ஸ்ட்ரக்ஷன்களைப் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. எம்ட்யூன் எந்த சிபியுவுக்கு ஏற்றபடி அடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பூட்டைக் கெடுக்கக்கூடியது முன்னது.

10. இன்ஸ்டால், பூட், பூட் ஆகாவிட்டால்

முதலில் ‘மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்’, அதன் பிறகு ‘மேக் இன்ஸ்டால்’. இரண்டாவது கட்டளை இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் தொகுப்பை) உருவாக்கும்போது மாட்யூல்கள் தங்கள் இடத்தில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் டிஸ்க் டிரைவர் இல்லாத இனிட்ராம்எஃப்எஸ் உருவாகி, ரூட் கிடைக்கவில்லை என்று கெர்னல் பேனிக் ஆகும். அதற்கும் ப்ராசஸர் தேர்வுக்கும் தொடர்பில்லை.

திரையில் வருவதை வைத்துக் காரணத்தைப் பிரித்துவிடலாம். எக்ஸ்86-64 வேண்டும், ஆனால் ஐ686 மட்டுமே தெரிகிறது என்ற செய்தி வந்தால் நான்காம் படி தவறு. சிபியுவில் இல்லாத அம்சம் என்று சிமூவ் அல்லது பிஏஇ பெயர் வந்தால் ஏழாம் படி. க்ரப் இனிட்ராம்எஃப்எஸ்ஸை ஏற்றியதும் ஒரு எழுத்துகூட வராமல் ரீபூட் ஆனால், நேட்டிவ் ஆப்ஷனோ பொருந்தாத ஃபேமிலியோ காரணமாக இருக்கலாம். ஜெனரிக்கை வைத்து மறுபடி கம்பைல் செய்து பாருங்கள், அதிலும் இதேபோல் நடந்தால் சிபியு தேர்வைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம்.

32 பிட்டில் பூட் ஆனபிறகு சில மாட்யூல்கள் மட்டும் ஏறாமல் ‘இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்’ என்று வந்தால் மாட்யூலின் விவரங்களைக் காட்டும் மாட்இன்ஃபோ கட்டளையில் ‘வெர்மேஜிக்’ வரியைப் பாருங்கள். 32 பிட் கெர்னலில் ப்ராசஸர் ஃபேமிலியின் பெயரும் அந்த வரியில் சேர்ந்திருக்கும். 686 என்று இருந்ததைப் பென்டியம் 4 ஆக்கிவிட்டு, கெர்னலை மட்டும் மாற்றிப் பழைய மாட்யூல்களை விட்டுவைத்தால் இரண்டும் ஒத்துப்போகாது. எல்லா மாட்யூல்களையும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ், என்விடியா போன்று வெளியிலிருந்து வரும் மாட்யூல்களுக்கு, அவற்றை மறுபடி கம்பைல் செய்து தரும் டிகேஎம்எஸ்ஸைப் புதிய கெர்னலுக்காக ஒருமுறை ஓட்டிவிடுங்கள். 64 பிட்டில் அந்த வரியில் ஃபேமிலி பெயர் இடம்பெறாது. பதிப்பின் பெயர் மாறினால் மட்டும் இதே வேலை அங்கேயும் உண்டு.